மாதக் கடைசியில் மிச்சமான நிமிஷங்கள்

"யம்மா, ப்ரீபெய்டுன்னா மொதல்ல டப்பு குடு, அப்பால பேசு. போஸ்ட்பெய்டுன்னா மொதல்ல பேசு, அப்பால டப்பு குடு. அவ்ளோதான்" என்றான் என் மகன் அன்பு.

"அப்போ மளிகைக் கடையில கணக்கு வெச்சி வாங்குற மாதிரி."

"அதேதான்."

"கணக்கு வெச்சி வாங்குனவ என்னிக்குக் கம்மியா வாங்குனா?" என்றார் என் வீட்டுக்காரர் தேசப்பன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"உன்னை யாருய்யா கேட்டாங்க?" என்றேன்.

அவரைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது எனக்குக் கலர் போன் மட்டும்தான் தோன்றியது.

அன்பு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்க்கிறான். அந்தக் கம்பெனிக்காரர்கள் தொழிலாளிகளின் வீட்டாருக்கும் சேர்த்து ஒரு போன் திட்டம் பிடித்திருந்தார்கள். ஒரு வருஷம் விலகுவதில்லை என்று கையெழுத்துப் போட்டால், கேமரா வைத்த கலர் போன் சும்மா. மாதம் ஐந்நூறு நிமிஷம் இலவசம். என் கையில் இருந்ததோ முதுகு மூடி கழன்று, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கறுப்பு வெள்ளைப் போன். அதில் ப்ரீபெய்டு சிம்.

அந்தப் போனால் நான் செய்துகொண்டிருந்த வேலை ஒன்றே ஒன்று. மேரிக்கு ஒரு ரிங் அடித்துக் கட் செய்வது.

நானும் மேரியும் நட்டு போல்ட்டுக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். வேலையை விட்டு நிற்கும்வரை ஒரே மேஜை. எங்கள் ஆரம்பாக்கத்திலேயே இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. அவள் மகன் ஜெயராஜ் திருநின்றவூரில் ஃபிளாட் வாங்கி அவளை அழைத்துப் போய்விட்டான். அங்கே போக இரண்டு ரயில் மாற வேண்டும். என் இரண்டு முழங்காலும் சம்மதிப்பதில்லை. அதனால் கிளம்பும்போதே பேசி வைத்துக்கொண்டோம். காலையில் எழுந்ததும் அவள் ஒரு ரிங் அடிப்பாள். "நல்லா இருக்கேன்" என்று அர்த்தம். நான் ஒரு ரிங் திருப்பி அடிப்பேன். "நானும் இருக்கேன்" என்று அர்த்தம். காசு செலவில்லை.

இதில் ஒரே ஒரு சட்டம்தான். ரிங் வந்தால் எடுக்கக் கூடாது. எடுத்தால் அடித்தவளுடைய காசு போய்விடும். அடுத்தவள் தட்டில் கை வைத்துச் சாப்பிடுவதற்குச் சமம் அது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் இதனால் பேச்சு வார்த்தையை நிறுத்தியிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் கடைத்தெருவில் தமீம் அன்சாரியிடம் யோசனை கேட்டேன். போன், சிம், ரீசார்ஜ் எல்லாம் அவர் கடையில்தான்.

"மாசத்துக்கு எவ்ளோ பேசுவீங்கம்மா?"

"நான் எங்க பாய் பேசுறேன். அடிச்சிக் கட் பண்றேன்."

"அப்ப எதுக்கும்மா உங்களுக்கு ஐந்நூறு நிமிஷம்? பல்லில்லாதவங்களுக்கு மூட்டைக் கடலை வாங்குற மாதிரி இல்ல?"

நியாயமான பேச்சு. ஆனால் என் மனசு என்ன சொன்னது? 'ரீசார்ஜ் விக்கிறவர் கிட்டயே போய்க் கேட்டா வேறே இன்னா சொல்வாரு? உன் பத்து ரூபா கைநழுவிப் போவுதேன்னு அவருக்குக் கவலை.' அத்தனை பெரிய மூளை எனக்கு. அன்று சாயங்காலமே அன்புவிடம் "போட்டுர்றா" என்று சொல்லிவிட்டேன். இன்னொரு ஆசையும் உண்டு. கரண்டு பில் அவர் பேரில், ரேஷன் கார்டு அவர் பேரில். இதிலாவது கவரில் 'திருமதி சின்னப்பொண்ணு' என்று அச்சடித்து வீடு தேடி வரும் என்று நினைத்தேன். பின்னால் வந்தது, அன்பு பேரில்.

புதுப் போன், புது நம்பர். முதல் போன் மேரிக்கு. எடுக்கவே மாட்டேன் என்றாள், சட்டப்படி. ஏழெட்டுத் தரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"யாரு?"

"நான்தாண்டி, சின்னப்பொண்ணு."

"அடிப் பாவி! கட் பண்ணுடி, காசு போவுது!"

"போவாது மேரி, ஃப்ரீ. எவ்ளோ வேணா பேசலாம்."

"எவ்ளோ வேணாவா?" அவள் குரலே இறங்கிவிட்டது. "இன்னாடி பேசுறது?"

அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

முதல் பத்து நாள் பேசினோம் பேசினோம், அப்படிப் பேசினோம். பழைய சூப்பர்வைசரை உரித்துத் தொங்கவிட்டோம். அவள் ஃபிளாட்டில் தண்ணி வராத கதை, என் முழங்கால் கதை எல்லாம் முடிந்தன. அதற்குப் பிறகு "அப்புறம்?" "நீதான் சொல்லணும்." "இல்ல, நீ சொல்லு" என்று ஓடியது. காலை ரிங் நின்றுபோனது. தினம் பேசுகிறவர்களுக்கு ரிங் எதற்கு?

மாதக் கடைசியில் அன்பு ஏதோ நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் எரநூறு நிமிஷம் சொச்சம் இருக்குதும்மா" என்றான்.

"அது அடுத்த மாசத்துல சேருமில்ல?"

"சேராது. முடிஞ்சா போச்சி."

"எங்க போவும்?"

"போன் கம்பெனிக்கே."

எனக்கு வயிறு எரிந்தது. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் தின்று வளர்ந்த உடம்பு இது. இருநூறு நிமிஷத்தைத் தூக்கி எவனுக்கோ கொடுப்பதா? உட்கார்ந்து எல்லோருக்கும் அடித்தேன். காஸ் கம்பெனிக்கு அடித்து, "சிலிண்டர் இன்னும் தீரல, சும்மா சொல்லி வெக்கிறேன்" என்றேன். தமீம் அன்சாரிக்கு அடித்து ரீசார்ஜ் இருக்கிறதா என்று விசாரித்தேன். "யாருக்கும்மா?" என்றார். வைத்துவிட்டேன். சொந்தக்காரர்கள் என் நம்பரைக் கண்டதும் எடுப்பதை நிறுத்தினார்கள். எடுத்துக்கொண்டிருந்தவள் மேரி ஒருத்திதான்.

கொல்லையில் மாமரத்தடியில், கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உன் மருமக இன்னிக்கு இன்னா நாஷ்டா செஞ்சா?"

"சேமியாடி."

"நேத்தும் சேமியாதானே சொன்ன?"

"ஆமா, அதுக்கு இன்னா இப்போ?"

சொல்லியிருக்கவே மாட்டேன். ரூபாய் போகிற பேச்சாக இருந்தால் 'சரி, வெச்சிடுறேன்' என்றிருப்பேன். ஆனால் நிமிஷம் மிச்சம் இருந்தது.

"மேரி, நான் சொல்றேன்னு தப்பா நெனக்காத. உன் மருமக கை இருக்குதே, அது அடுப்பைத் தொட்ட கையே இல்ல. கிறிஸ்துமஸுக்கு முழங்கால் வலியோட நான் வந்தப்போ ஒரு காப்பி குடுத்தாளே, பாத்திரம் கழுவுன தண்ணிக்கும் அதுக்கும் கலருதான் வித்தியாசம். தெனம் சேமியாவைக் கிண்டிப் போட்டா வயசானவ வயிறு இன்னாத்துக்கு ஆவும்? நீ வாய மூடிக்கினு துன்றதாலதான் அவ ஆடுறா. நல்லா ஒரு நாளு பிடிச்சி..."

"சின்னப்பொண்ணு..."

"இருடி, நான் முடிக்கல. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குது."

அந்தப் பக்கம் ஒரு இளம் குரல் கேட்டது. கோபமே இல்லாத குரல்.

"ஆன்ட்டி, சேமியா நான் செய்யல. அத்தைதான் செஞ்சாங்க. ரெண்டு நாளும்."

கம்பெனியில் பிரஸ் மெஷின் சத்தத்தில் மேரிக்கு ஒரு காது மந்தம். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் முழுக்க நான் பேசியது அவளோடு அல்ல, அந்த வீட்டோடு.

"வெச்சிடு" என்றாள் மேரி. "ஒரு ரிங்கு அடிச்சிக்கினு நல்லாத்தானே இருந்தோம். இனிமே அடிக்காத."

மறுநாள் நான் அடித்தேன். கட். அதற்கு மறுநாளும் அவள் கட் செய்தாள். அந்த வாரம் முழுக்கக் காலையில் எழுந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கலர் போனில் கலராக ஒன்றும் வரவில்லை. நேரில் போய்க் காலில் விழலாம். ஆனால் கதவைத் திறப்பது அந்த மருமகளாயிற்றே. அவள் காப்பி கொடுத்தால் நான் எந்த முகத்தோடு குடிப்பேன்? இருந்த ஒரே சிநேகிதி இவள். அறுபத்து நாலு வயதில் இன்னொருத்தியை எங்கே போய்த் தேடுவது?

இந்த லட்சணத்தில் பில் வந்தது. பார்த்த அன்பு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"யம்மா, நீ எங்க உக்காந்து பேசின?"

"கொல்லையில, மாமரத்தடியில. வாசல்ல உங்க நைனா பேப்பர் படிக்கிறாரு இல்ல?"

"கொல்லையில எல்லைக்கு அந்தாண்ட இருக்குற தடா டவரு எடுக்குதும்மா. நீ ஆந்திராவுல இருந்து பேசுனதா கணக்கு. அதுக்கு ஃப்ரீ நிமிஷம் செல்லாது. ரோமிங்கு."

"நான் செருப்புகூட மாட்டலியேடா!"

"வெல்கம்னு மெசேஜ் வந்திருக்குமே?"

"தெனம் வரும். மரியாதைக்கு அனுப்புறாங்கன்னு நெனச்சேன்."

தேசப்பன் இப்போது பேப்பரைக் கீழே வைத்தார். "அடுத்த ஜில்லாவுக்கு வாடின்னா முழங்கால் வலிக்குதும்பா. தெனம் அடுத்த ஸ்டேட்டுக்குப் போய் வந்திருக்கா பாரு. அப்படியே அங்க ஒரு ரேஷன் கார்டும் வாங்கிக்கினு வந்திருக்கலாம்."

ஆக, வீணாகக் கூடாது என்று நான் பேசித் தீர்த்த இலவச நிமிஷங்கள் ஒன்றுகூட இலவசம் இல்லை. காசு கொடுத்து மேரியைத் தொலைத்திருக்கிறேன்.

அன்பு கம்பெனியில் விசாரித்துவிட்டு வந்தான். "இப்போ ரெண்டு வழி இருக்குதும்மா. ஒண்ணு, பெரிய பிளானுக்கு மாறிடலாம். ஆந்திரா டவரும் அதுல ஃப்ரீ, மாசம் ஆயிரம் நிமிஷம். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும். இல்லன்னா கலர் போனைத் திருப்பிக் குடுத்துட்டு, ஃபைன் கட்டிட்டு, பழையபடி ப்ரீபெய்டு."

"ஆயிரம் நிமிஷமா?"

"ஆமா."

ஐந்நூறில் மேரியின் மருமகள் வரை போன வாய் இது. ஆயிரம் கொடுத்தால் அவள் சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்துப் போய்விட்டு வரும்.

"திருப்பிக் குடுத்துடுறா. என் வாய்க்கு மீட்டர் ஓடணும். அப்பதான் அது நிக்கும்."

ரப்பர் பேண்டு போன் திரும்ப வந்தது. பழைய நம்பர் வரவில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது செத்துப்போய், வேறு யாருக்கோ போய்விட்டதாம். தமீம் அன்சாரி புது சிம் போட்டுக் கொடுத்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மேரிக்குத் தெரியாத நம்பர். கட் செய்யாமல் அவள் எடுக்கும்வரை அடித்து மன்னிப்புக் கேட்கலாம்; ஆனால் அடிக்காதே என்றவளிடம் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. காலையில் எழுந்து ஒரு ரிங் அடித்துக் கட் செய்தேன். பதில் ரிங் வரவில்லை. யாரோ என்று நினைத்திருப்பாள். அடுத்த நாளும் அடித்தேன். தேசப்பன் கேட்டார்: "இன்னாமே, யாருன்னே தெரியாதவளுக்கு நல்லா இருக்கேன்னு சொல்லிக்கினு இருக்க?"

"எனக்குத் தெரியுமில்ல?"

"அவளுக்குத் தெரியணுமே."

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை. வழக்கம்போல அடித்தேன். முதல் ரிங் முடியவில்லை, கட் செய்யும் பொத்தானில் விரல் இருக்கிறது. எடுத்துவிட்டாள்.

"சின்னப்பொண்ணுதானே?"

விரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்தேன்.

"தெனம் இதே நேரத்துக்கு ஒத்தை ரிங்கு அடிச்சிக் கட் பண்ற பைத்தியக்காரி ஒலகத்துல வேற யாரு? கட் பண்ணாதடி. ப்ரீபெய்டா?"

"ஆமா மேரி."

"காசு போவுதா?"

"போவுது."

"போவட்டும். நல்லாப் போவட்டும். நான் பேசுறேன், நீ கேளு. குறுக்க ஒரு வார்த்தை வந்துச்சின்னா வெச்சிடுவேன். ஸ்பீக்கர்ல போடல, மொட்டை மாடிக்கு வந்துட்டேன். உன்னால என் மருமக அழுதான்னு நெனச்சியா? அழுவல. சண்டைகூடப் போடல. அன்னிலேர்ந்து நான் அடுப்பாண்ட போனா, 'நீங்க உடுங்க அத்தே, நானே செய்றேன்'ன்றா. அவ்ளோ மரியாதையா சொல்றா. அந்த ஊட்ல எனக்குன்னு இருந்தது அந்த அடுப்பு ஒண்ணுதாண்டி. காலையில ஒரு மணி நேரம் அது என்னுது. மீதி நேரம் ஜன்னலாண்ட உக்காந்து ரயிலைப் பாக்குறேன். சேமியாவோ களியோ, என் கையால கிண்டிக்கினு இருந்தேன். அதையும் புடுங்கிட்டியே. உனக்கு இன்னாடி கேடு? காப்பி தண்ணியா இருந்தா ஊத்திட்டு எழுந்து வர வேண்டியதுதானே, அதை மாசக் கணக்கா மனசுல வெச்சிக்கினு..."

அவள் அழுதாளா, மூச்சு வாங்கினாளா தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"...அது மட்டுமா? நேத்து ஜெயராஜ் வந்து, ஏம்மா நீ..."

பீப் பீப் என்றது. நின்றுபோனது. பேலன்ஸ் தீர்ந்துவிட்டது.

கட்டியிருந்த புடவையோடு கடைத்தெருவுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் முழங்கால் அனுமதித்த ஓட்டம். தமீம் அன்சாரி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், சீக்கிரம் ரீசார்ஜ் போடு. பாதியில நின்னுபோச்சி."

"இன்னாம்மா பாதியில?"

"மேரி திட்டிக்கினு இருந்தா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மேரியம்மாவா? எவ்ளோக்குப் போடட்டும்?"

"இருக்குறதுல பெரிசு எதுவோ அது."

போட்டார். அடித்தேன். இந்தத் தடவை கட் செய்ய விரலை வைக்கவில்லை.

"எங்கடி போன? வெச்சிட்டு ஓடிட்டியோன்னு பாத்தேன்."

"காசு தீந்துபோச்சி மேரி. போட வந்தேன்."

"போட்டியா?"

"நெறைய போட்டுட்டேன்."

"சரி. நான் எங்க உட்டேன்?"

"ஜெயராஜ் வந்து கேட்டான்னு சொன்ன."

"ஆங், ஜெயராஜ். கேளு இதை."

தமீம் அன்சாரி கடைக்குள்ளிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து எனக்குப் பின்னால் போட்டார்.