லோர்னா வாங்கித் தந்த பேனாக்கத்தி

கத்தி சேர்த்ததற்காக என் புருஷன் ஹெட்லியைப் பைத்தியம் என்று ஷெஃபீல்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். கத்தி செய்தே பிழைத்த ஊர் இது. ஆனால் அவர் சேர்த்ததெல்லாம் குட்டிப் பேனாக்கத்திகள், நூறு வருஷத்துக்கு முந்தியவை. மடக்கினால் சுண்டுவிரல் நகத்தளவுதான். விரித்தால் நிஜமாகவே வெட்டும். தந்தம், முத்துச்சிப்பி, மான்கொம்பு என்று விதவிதமான கைப்பிடிகள். பஸ் ஓட்டிய நேரம் போக மீதியெல்லாம் ஏலக்கடையும் சந்தையும்தான். கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட் விரித்து அடுக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார்.

எங்கள் மகள் லோர்னாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. இருந்தாலும் எட்டு வயதில் உண்டியலை உடைத்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்பாவுக்கு ஒரு குட்டிக் கத்தி வாங்கி வந்தாள்.

"ஆமை ஓட்டுக் கைப்பிடிப்பா. கடைக்காரரே சொன்னாரு."

ஹெட்லி அதைப் பெட்டியின் நடுவில் வைத்தார்.

வைத்து என்ன பிரயோஜனம்? அவள் பள்ளி நாடகத்தில் நடித்த அன்று மனுஷன் ஏலத்தில் நின்றார். அந்த மாதிரி எத்தனையோ. பத்தொன்பது வயதில், "உனக்கு அந்தக் கத்திங்கதான் பிள்ளைங்க, அதுங்களையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டு பிரிஸ்டலுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும், ஆள் வரமாட்டாள்.

பல வருஷம் கழித்து ஒருநாள் ஹெட்லியின் சிநேகிதர் வில்ஃப் வந்தார். அவரும் கத்தி சேர்க்கிறவர். பெட்டியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"கற்பூர நெடி அடிக்குதேடா. நடுவுல இருக்கிறது ஆமை ஓடு இல்ல, செல்லுலாய்டு, கற்பூரம் கலந்து செஞ்ச பழைய பிளாஸ்டிக். அது அழுகுச்சுன்னா ஆவி விடும், பக்கத்துல இருக்கிற இரும்பெல்லாம் துருப்பிடிச்சிடும். உனக்குத் தெரியாததா?"

"வந்த அன்னிக்கே தெரியும்" என்றார் ஹெட்லி.

"அப்ப எடுத்துத் தனியா வையேன்."

"மாட்டேன். லோர்னா வாங்கித் தந்தது."

வில்ஃப் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "மூளை கீளை கழண்டு போச்சா உங்களுக்கு? ஒரு டப்பால போட்டு வச்சா குறைஞ்சா போயிடும்?"

"ஒருநாள் வருவா, ஐவி. வந்து பெட்டியைத் திறப்பா. தன்னோடதைத்தான் முதல்ல தேடுவா. நடுவுல இல்லேன்னா என்ன நினைப்பா?"

கத்தி நடுவிலேயே இருந்தது. முதலில் பக்கத்திலிருந்த முத்துச்சிப்பிக் கத்தி பழுப்பேறியது. அப்புறம் வரிசை வரிசையாக. மனுஷன் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். துரு மறுபடி மறுபடி வந்தது. நானும் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தேன்.

போன பிப்ரவரியில் அவருக்கு நுரையீரலில் புற்று முற்றிவிட்டது. போன் போட்டேன், லோர்னா வந்தாள். கட்டிலில் கிடந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நேரே போய் அறை மூலையிலிருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே எல்லாமே துரு. நடுவிலிருந்த கைப்பிடி வெடித்து உதிர்ந்திருந்தது.

"இதுங்களுக்காகத்தானே என்னை விட்ட? கடைசில இதுங்களையும் பாத்துக்கலையேப்பா. என்னோடதையும் சேத்து அழுக விட்டிருக்க."

நான் வாயைத் திறந்தேன். ஹெட்லி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"சோம்பேறித்தனம்மா" என்றார் அவளிடம். "வயசாயிடுச்சு, கவனிக்கல."

அவள் டீ போடப் போனதும் அவர் காதோடு கேட்டேன். "உண்மையைச் சொன்னா என்ன?"

"எட்டு வயசுல ஆசையா வாங்கிட்டு வந்தது. அதுதான் எல்லாத்தையும் கெடுத்துச்சுன்னு தெரிஞ்சா தாங்குவாளா? என்மேல கோவமாவே இருக்கட்டும், அது அவளுக்குப் பழகினதுதானே. நீ சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். வேறென்ன செய்ய?

அந்த வாரமே போய்விட்டார். அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டில் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது, லோர்னா வில்ஃபிடம் சொல்வது காதில் விழுந்தது.

"எங்கப்பாவுக்கு எதையும் கடைசிவரைக்கும் நேசிக்கத் தெரியாது அங்கிள்."

வில்ஃப் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"சாப்பிடும்மா" என்றேன். "காலையிலேர்ந்து நீ ஒண்ணுமே சாப்பிடல."