பிடித்தவை பத்து

சென்னையிலிருந்து ஒரு வார இதழ்க்காரர்கள் போன் செய்து, அன்றாட வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பத்து விஷயங்களை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு நாவல் எழுதியும் தென்காசியில் நம்பிராஜன் என்கிற நான் ஒரு நாவலாசிரியன் என்று தெரிந்தவர்கள் என் மனைவியும் தபால்காரரும்தான். மனைவிக்கு அதில் பெருமை ஒன்றும் கிடையாது. உடனே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷ ஆபீஸ் வேலையில் ஒரு தாளைக்கூட நான் அவ்வளவு சுறுசுறுப்பாக எழுதியதில்லை.

ஒன்பது கடகடவென்று வந்துவிட்டன. கூட்டம் சேருமுன் ஐந்தருவியில் ஒரு குளியல், குளித்துவிட்டு வந்ததும் எடுக்கும் பேய்ப் பசி, கோயில் கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்று, சீசனில் முதல் மங்குஸ்தான், மை ஊற்றும் பேனா, இந்த மாதிரி. பத்தாவதாக மசூது பாயின் தையல் கடை பெஞ்சை எழுதினேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது.

மசூது பாய் பெண்கள் மேல் டேப் வைத்து அளவெடுக்க மாட்டார். உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். அதுதான் அளவு ஜாக்கெட். வாடிக்கைக்காரர்களுடையது கடையிலேயே கிடக்கும், பெயர்ச் சீட்டு குத்தி, அலமாரியில் எழுபது எண்பது. அளவில் மாற்றம் இருந்தால் வாயால்தான் சொல்ல வேண்டும். "ரெண்டு பக்கமும் பிடிச்சிருங்க பாய், உடம்பு எளச்சுட்டு" என்று ஆரம்பிப்பார்கள். ஏன் இளைத்தது என்று அவர் கேட்க மாட்டார். கேட்காத மனிதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத் தோன்றும் போலிருக்கிறது. அவர்கள் வீட்டையே கொட்டிவிட்டுப் போவார்கள். "சரிம்மா" என்பார், அவ்வளவுதான். நான் பேப்பரை விரித்தபடி பதினோரு வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் பாயின் சிநேகிதன் என்பதால் என்னையும் அவர்கள் நம்பினார்கள்.

அதைத்தான் எழுதினேன். 'கத்திரி வெயிலில் ஜாக்கெட்டின் கையை முழங்கை வரை இறக்கித் தைக்கச் சொன்னாள் ஒருத்தி. கணவன் அடித்த தடம் வெளியே தெரியாமலிருக்க. என் நான்காவது நாவல் அந்தப் பெஞ்சில்தான் கிடைத்தது.' இதழ்க்காரர்கள் படித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊர் வாசனை வேண்டும் என்றார்கள். 'ஒருத்தி' என்பதற்கு முன்னால் 'குற்றாலத்தில் சிப்ஸ் கடையில் நிற்கும்' என்று சேர்த்துக் கொடுத்தேன். பெயரைப் போடவில்லை. என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

நாவலை நானூறு பேர் வாங்கியிருந்தால் அதிகம். இந்த அரைப் பக்கம் யார் யார் போனிலோ ஏறி, மூன்றே நாளில் தென்காசியையும் குற்றாலத்தையும் சுற்றிவிட்டது. மசூது பாயின் கடை படத்தோடு வந்திருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பெண்கள் சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொருத்தராக வந்து, "பாய், எஞ் சட்டயக் குடுங்க" என்று அளவு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று வாரம் கழித்து நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அலமாரியில் ஏழெட்டுதான் மிச்சம். பண்டிகை நெருங்கியும் இரண்டு மெஷினில் ஒன்று மூடிக் கிடந்தது.

"தப்பு நடந்துபோச்சு பாய்" என்றேன்.

மசூது பாய் பட்டன் காஜா எடுக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மறுப்பு எழுதி அனுப்புதேன். எல்லாம் கற்பனைன்னு."

"எதுக்கு? மறுபடியும் கடப் பேரு வரும்." நூலைக் கடித்துத் துப்பினார். "பத்துன்னு கேட்டாகன்னா ஒம்பதோட நிறுத்தியிருக்கலாமே அண்ணாச்சி. அருவி உங்ககிட்ட வந்து ஏன் எழுதுனியன்னு கேக்குமா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருந்தும் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். கால் பழகிய இடம்.

வெளியே சாரல். குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் படியேறினாள். பொன்செல்வி. அந்தச் சிப்ஸ் கடைப் பெண்தான். அவளும் அளவு ஜாக்கெட்டை வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையில் புதுத் துணி இருந்தது. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எழுந்து கும்பிட்டேன். "அம்மா, நான் பேரு போடல..."

"வாசிச்சேன் சார்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "எங்க வீட்டுக்காரர் வாசிச்சுக் காட்டுனாரு. ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்தி வாசிச்சாரு."

நிறுத்திய இடங்களில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குக் கேட்கத் தைரியமில்லை. அவள் இடது கையைச் சேலைக்குள்ளேயே வைத்திருந்தாள். நானூறு பக்கம் அவளைப் பற்றி எழுதி, பெரிய அனுதாபி என்று என்னையே நினைத்துக்கொண்டவன், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துணியை மேசை மேல் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். மசூது பாய் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க வெளிய போங்க. அவுக சொல்லணும்."

"நான் போயிருதேன் பாய்."

"இன்னைக்கு மட்டுமில்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் பக்கத்துக் கடை ஓரமாக நின்றேன். சாக்குதான். இத்தனைக்குப் பிறகும் என் காது அந்தக் கடைக்குள்தான் இருந்தது. அதையும் ஒளிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பொன்செல்வியின் குரல் மெல்ல எழும்பியது. நான் ஓரடி கிட்டே போனேன்.

மசூது பாய் என்னைக் கண்டுவிட்டார். துணி எதையும் வைக்காமல், வெறும் மெஷினைக் கடகடவென்று மிதிக்க ஆரம்பித்தார். அவள் பேசி முடிக்கும் வரைக்கும் மிதித்துக்கொண்டே இருந்தார்.