மச்சான் வாங்கிய ஐந்நூறு பங்குகள்

1

இந்தக் கதையில் என் கற்பனை குறைவு. மருந்துக்கடையில் இருமல் மருந்துக்குக் காத்திருந்தபோது ஒட்டுக்கேட்டது. இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: பங்குச்சந்தை என்பது ஒரு மாபெரும்

(வேண்டாம். இப்படி ஆரம்பிக்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

இன்னொன்று: மருந்துக்கடைக்காரர் எதிலும் அவசரப்படுகிறவர் இல்லை. பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பங்கை மூன்று மாதமாக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி இயக்குநர் சொந்தக் காசில் பங்கு வாங்கியதாக அறிவிப்பு வந்தது. அடுத்த வாரம் ஒரு பெரிய மியூச்சுவல் ஃபண்டும் வாங்கியது.

"சமைச்சவனே உக்காந்து சாப்பிடுறான். அப்புறம் என்ன பயம்?" என்றார் மனைவியிடம்.

பயம் அவர் போட நினைத்த பணத்தில் இருந்தது. தையற்கடை பிடிக்க அவள் முன்பணமாகச் சேர்த்தது அது. ஆறு வருடமாகக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மெஷினைப் போட்டுத் தைக்கிறாள்.

(மனைவியை முதலில் வாயில்லாப் பூச்சியாக எழுதினேன். இரண்டாம் வரியிலேயே எதிர்த்துப் பேசிவிட்டாள். அடித்துவிட்டேன். வரியைத்தான்.)

3

"அந்த இயக்குநருக்கு மொத்தம் எவ்வளவு சொத்து? அதுல இது எத்தனைல ஒரு பங்கு?" என்று கேட்டாள்.

அதை அவர் பார்க்கவே இல்லை.

"சரி, அந்த ஃபண்டு எதுக்கு வாங்குச்சாம்?"

தேடிப் பார்த்தார். அது இண்டெக்ஸ் ஃபண்டு. சந்தைக் குறியீட்டுப் பட்டியலில் ஒரு கம்பெனி சேர்ந்துவிட்டால், நல்லதா கெட்டதா என்று பார்க்காமல் வாங்கியே தீரவேண்டிய ரகம். அவர் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை.

"உன் தம்பி அந்தக் கம்பெனி ஸ்டோர்லதானே இருக்கான்? அவனே ஐநூறு பங்கு வாங்கியிருக்கான். உள்ள நடக்கிறது அவனுக்குத் தெரியாதா?"

(வீட்டுக்குள் நடந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கற்பனை குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை.)

மறுநாள், நான் இருமிக்கொண்டு நின்ற அன்று, மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவிக்கும் கேட்கட்டும் என்று மச்சானை ஸ்பீக்கரில் போட்டார்.

"நீ எதை வச்சுடா வாங்கின?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? நீங்க மூணு மாசமா அதையே பாத்துட்டிருக்கீங்கன்னு அக்கா சொன்னாங்க. மாமா பாக்கிறாருன்னா சும்மாவா இருக்கும்னு வாங்கிட்டேன்."

"கம்பெனி நிலவரம்?"

"நான் நட்டு போல்ட்டு எண்ணுறவன் மாமா. எனக்கென்ன தெரியும்?"

போனை வைத்தார். மனைவி சிரிக்கவில்லை.

"அவன் உங்களப் பாத்து வாங்கினான். நீங்க அவனப் பாத்து வாங்கப் போறீங்க. நான் யாரப் பாத்துங்க சரின்னு சொல்றது?"

"உனக்கு இன்னும் பெரிய கடையா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

4

முடிவுகள்:

அ. பங்கு விலை ஏறியது. அவள் தெருமுனையில் பெரிய கடையே

ஆ. விலை சரிந்தது. அவள் மெஷினை

இ. அவர் வாங்கவே இல்லை. அவள்

மூன்றில் முதல் முடிவை எழுதும்போது மட்டும் கை தானாக ஓடியது. ஏன் என்று யோசித்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: அத்தனையையும் கேட்ட பிறகும், வீட்டுக்குப் போனதும் அதே பங்கில் இருபது வாங்கினேன். மருந்துக்கடைக்காரரே மூன்று மாதமாகப் பார்க்கிறாரே என்றுதான்.

ஆகவே, நான் எழுதும் முடிவை நம்பாதீர்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவள் பதிலுக்காக நிற்கிறாள். அவர் என்ன சொன்னார் என்பதை, அந்தப் பங்கு ஒன்றுகூடக் கையில் இல்லாத யாராவது எழுதுங்கள்.