கை இரண்டு கட்டையில்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பாடுகிற மூத்தவர், எலக்ட்ரிக் கிதாருடன் அவருடைய தங்கை, பேஸ் கிதாருடன் தங்கையின் கணவர், டிரம்ஸுக்குப் பின்னால் மூத்தவரின் மகள். வீட்டில் அவளை ‘இடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாவதாகத் தானும் இருந்ததாக யாராவது சொன்னால், அவர் அங்கே இல்லை.

தங்கை வீட்டு மாடி அறை அது. சத்தம் வெளியே போகாமலிருக்க ஜன்னல்களில் பழைய கம்பளிகளை அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான தங்கை கணவர் வேலைச் சட்டையைக் கூட மாற்றாமல் வந்திருந்தார். மூத்தவர் அப்படி இல்லை. வீட்டுப் பயிற்சிதான் என்றாலும் இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருவார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். காதில் விழுந்ததை அவர் எளிதில் நம்பமாட்டார். கண்ணால் பார்த்தால்தான் அது நடந்தது.

அதே அச்சகத்தில் மிஷின் ஓட்டிய அவர்களுடைய அப்பா, ஒரே ஒரு பாட்டுக் கட்டினார். இரண்டு கட்டைச் சுருதியில் கட்டினார், அதிலேயே பாடினார். அவருக்குப் பிறகு மூத்தவரும் அதை அரைக் கட்டை கூட இறக்கியதில்லை. ஆனால் கழுத்தில் கட்டியை அறுத்து எடுத்தபின், போன குரல் முழுதாகத் திரும்பவில்லை. அடியில் எல்லாம் இருந்தது, உச்சியில் ஒன்றுமில்லை. சரணத்தில் ‘வெளிச்சம்’ என்று மேலே ஏறும் இடத்தில் கிழிந்தது.

“ஒரு கட்டைக்கு இறக்கிக்கலாமாண்ணா?” என்று தங்கை மெதுவாகத்தான் கேட்டாள்.

“அப்பா பாட்டு ரெண்டு கட்டை. எதையாவது இறக்கித்தான் ஆகணும்னா, என்னை மேடையிலேர்ந்து இறக்கிடுங்க.”

அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அடுத்த பயிற்சியில் தங்கையின் காலடியில், வழக்கமான பெடல்களுக்கு நடுவே, புதிதாக ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருந்தது. என்ன என்று கேட்டார். சத்தத்துக்குக் கொஞ்சம் கனம் கொடுக்கும் என்றாள். அவர் அவளுடைய இடது கையைப் பார்த்தார். விரல்கள் எப்போதும் நிற்கும் இடத்திலேயே நின்றன, இரண்டு கட்டை. பாடினார். ‘வெளிச்சம்’ கிழியாமல் வந்தது.

பேஸ் கிதாரின் மேல் ஓடிய கையை அவர் பார்க்கவில்லை. பேஸ் வாசிப்பவரின் கையை உலகத்தில் யாரும் பார்ப்பதில்லை, கட்டிய மனைவி உட்பட.

குரல் திரும்பிவிட்டது என்று அச்சகத்தில் அவரே வாய்விட்டுச் சொன்னார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர் அப்படிச் சொன்னதும், தொழிலாளர் மன்றத்தில் அப்பாவின் நினைவுக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். பாட்டும் உண்டு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அதைக் கூட அவர் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தைய கடைசிப் பயிற்சிதான் அன்று. பாட்டின் நடுவில் சுவரில் தட்டல் கேட்டது. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று அர்த்தம். இடி குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டாள். மூத்தவர் பாடியபடியே எழுந்துபோய் கிதார் ஆம்ப்ளிஃபையரின் குமிழைக் குறைத்தார். தங்கை வாசிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

ஸ்பீக்கர் தணியத் தணிய, கிதாரின் கம்பிகளிலிருந்து வெறும் சத்தம், கொசு ரீங்காரம் போல மெலிதாக மேலே வந்தது. ஸ்பீக்கர் ஒன்று சொன்னது, கம்பி வேறொன்று சொன்னது. கம்பி இரண்டு கட்டையில் இருந்தது. அவர் பாடிக்கொண்டிருந்தது ஒரு கட்டையில்.

அவர் நிறுத்தினார். பெட்டியில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

“இதுக்கு நிஜமாவே என்ன வேலை?”

“பிட்ச் ஷிஃப்டர்ணா. கை எங்க இருந்தாலும் சுருதியை இறக்கிக் குடுக்கும். ஏத்தியும் குடுக்கும்.”

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“அவர் பேஸ்ல இது இல்ல. கையை மாத்தித்தானே வாசிக்கணும்.”

தங்கை கணவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கம்பளியைப் பார்த்தார். மூத்தவர் மகள் பக்கம் திரும்பினார்.

“டிரம்ஸுக்கு ஏதுப்பா கட்டை? எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றாள் இடி. தெரிந்தவர்கள்தான் அவ்வளவு வேகமாகச் சொல்வார்கள்.

“உங்களை ஏமாத்தணும்னு செய்யலண்ணா. நீங்க பாடணும். அவ்வளவுதான்.”

அவருக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வைகளை எண்ணினார். அவற்றில் கேலி இருந்திருக்காது, இரக்கம் இருந்திருக்கும், அதுதான் சுட்டது. இரண்டு கட்டையில் பாடினால் சபை நடுவே குரல் கிழியும். அப்பாவின் பாட்டு கிழியும். பெட்டியை வைத்துக்கொண்டு பாடினால் ஒருவருக்கும் தெரியாது. இந்த நான்கு பேரைத் தவிர. நான்கு பேர் கொஞ்சமல்ல என்று நினைத்தார்.

“நாளைக்கு அதை எடுத்துட்டு வா. நான் சொல்ற வரைக்கும் மிதிக்காத,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மன்றத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. மை வாசனையோடு ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மேடையில் வயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது தங்கை கணவர் பக்கத்தில் வந்தார்.

“மச்சான், ரெண்டா ஒண்ணா, ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல.”

“பாட்டுக்கு முன்னாடி தெரியும்.”

“லிஃப்ட்ல இப்படி யாராவது சொன்னா நான் உள்ளயே ஏறமாட்டேன்,” என்று முணுமுணுத்தபடி அவர் தன் இடத்துக்குப் போனார்.

மன்றச் செயலாளர் மைக்கைப் பிடித்து, அப்பாவைப் பற்றி நீளமாகப் பேசினார். பிறகு, “அந்தக் கம்பீரக் குரல் கொஞ்சமும் குறையாமல் திரும்பி வந்திருக்கிறது,” என்று மைக்கை மூத்தவரிடம் கொடுத்தார். கைதட்டினார்கள். தங்கை பெட்டியின் மேல் காலை வைக்காமல் அண்ணனையே பார்த்தாள். பாட்டின் தொடக்க மெட்டை, விரல் அழுத்தாத திறந்த கம்பிகளில்தான் வாசிக்க முடியும்; கையை இறக்கி வாசித்தால் அது அப்பாவின் மெட்டாக இருக்காது.

கைதட்டல் ஓயும்வரை மூத்தவர் காத்திருந்தார்.

“கொஞ்சம் குறைஞ்சுதான் வந்திருக்கு,” என்றார். “அப்பா இதை ரெண்டு கட்டையில பாடினார். நான் ஒரு கட்டையில பாடறேன்.”

சொல்லிவிட்டு மேடையின் குறுக்கே தங்கையிடம் நடந்தார். அவள் காலடியிலிருந்த பெட்டியை, பாலிஷ் போட்ட தன் ஷூவால் தானே அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. தங்கை கண்ணை இறக்கிக்கொண்டாள். பின்னால் பேஸ் கிதாரின் கழுத்தில் ஒரு கை இரண்டு கட்டம் இறங்கியது. அதை அவர் இந்த முறை திரும்பிப் பார்த்தார். பிறகு தன் இடத்துக்கு வந்து நிமிர்ந்து நின்று பாடினார்.

மறுநாள் முதல் ஒரு பேச்சு சுற்றுகிறது. மூத்தவருக்குக் குரலே இல்லை, காலால் மிதித்ததும் மிஷின்தான் பாடியது, அவர் வாயை மட்டும் அசைத்தார் என்று. அது பொய். அந்தப் பெட்டி கிதாரின் வயரில் மாட்டியிருந்தது. மைக்கின் வயர் தனி. அது அவர் கையிலிருந்து இறங்கி, மேடையைக் கடந்து நேராக ஸ்பீக்கருக்குப் போனது. வழியில் ஒன்றும் இல்லை.