நாற்பது நிமிடம்

அந்த வீட்டுக்கு நிதி மந்திரி அவள்தான். பட்டம் கொடுத்தது புருஷன். கொடுத்தபோது அதில் கேலி இருந்தது. பத்து மாதத்தில் கேலி தேய்ந்துபோய்ப் பட்டம் மட்டும் மிச்சம். காலையில் எழுந்ததும் அன்றைய செலவுப் பணத்தை எண்ணி அலமாரி மேலிருக்கும் டம்ளரில் போடுவாள். அது தீர்ந்தால் அன்றைய செலவும் தீர்ந்தது. பால் திரிந்தாலும் சரி, செருப்பு அறுந்தாலும் சரி, மறுநாள் டம்ளரைத்தான் கேட்க வேண்டும்.

கடன் வந்தது பெரிய கதை ஒன்றுமில்லை. ரொட்டி ஃபாக்டரியில் மாவு பிசைகிறவன் எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் மாவையே பிசைவான்? சொந்தமாக ஒரு ரொட்டிக்கடை போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. ஆசை யாரை விட்டது? அவளும்தான் தலையாட்டினாள், அதை மறைக்க வேண்டாம். எட்டே மாதத்தில் கடையும் போனது, போட்ட முதலும் போனது, அடுப்பை எடைக்குப் போட்டார்கள். போகாதது ஃபைனான்ஸ் கம்பெனிக்காரன் மட்டும்தான். புருஷன் பழைய ஃபாக்டரிக்கே போய், பழைய மேஸ்திரி முன்னால் தலைகுனிந்து நின்று, பழைய தொப்பியையே வாங்கி மாட்டிக்கொண்டான். அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவை ஆலையில் சேர்ந்தாள். பத்து மாதம் கட்டியும் இன்னும் இருபத்திரண்டு தவணை இருந்தது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அதை அவள் அட்சரம் பிசகாமல் செய்தாள். குளிக்கிற சோப்பை நூல் போட்டு நாலாக அறுத்தாள். டி.வி.யை விற்றாள். புருஷன் தலைமுடியைத் தானே வெட்டினாள். முதல் தடவை அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மேயவிட்ட இடம் மாதிரி இருக்கு, ஆனா காசு மிச்சம்" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் நன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

குறைக்க முடியாமல் நின்ற செலவு ஒன்றே ஒன்று. அவர்களுக்கு நாலரை வயதில் ஒரு பெண். அவன் விடிவதற்கு முன்னால் ஃபாக்டரிக்குப் போய் மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்து, வீடு வந்து சேர ஒன்று நாற்பது ஆகும். அவளுக்கு ஒன்றரைக்கு ஷிஃப்ட். ஒரு மணிக்குப் படியிறங்கியே ஆக வேண்டும். நடுவில் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்குப் பெண்ணை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுப் போவாள். அக்கா தர்மத்துக்குப் பார்க்கிறவள் அல்ல. அவளுக்கும் மருந்துச் செலவு இருந்தது. தினமும் கொடுப்பது சின்னத் தொகைதான், ஆனால் மாதக் கடைசியில் கூட்டினால் அது ஒரு தவணையில் பத்தில் ஒரு பங்கு.

ஒருநாள் அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். "வெறும் நாப்பது நிமிஷம். அந்த நேரத்துல அவ தூங்கக்கூட செய்வா."

"தூங்கலைன்னா?"

"உள்ள என்ன புலியா இருக்கு? பூட்டிட்டுப் போறேன். நீங்க வந்து திறக்கறீங்க."

அவன் தொப்பியில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினான். பிறகு, "மந்திரி சொன்னா சரிதான்" என்றான். அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் கேட்காமல் இருந்திருக்கலாம். யாரைக் குற்றம் சொல்ல?

அக்காவிடம் மறுநாளே பொய் சொன்னாள். "அவருக்கு ஷிஃப்ட் மாத்திட்டாங்கக்கா. இப்பல்லாம் பன்னெண்டரைக்கே வந்துடறாரு." அக்காவின் முகம் சுருங்கியது. "நல்லது, உங்க புள்ளைய நீங்க பாத்துக்கறீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெண்ணுக்கு அவள் நாலு நாள் பாடம் எடுத்தாள். அடுப்புப் பக்கம் போகக் கூடாது. ஜன்னல்கிட்டே நாற்காலியை இழுக்கக் கூடாது. ஒண்ணுக்கு வந்தால் வாளியில் இருக்க வேண்டும். யார் தட்டினாலும் வாயைத் திறக்கக் கூடாது, அப்பா குரல் கேட்டால்தான் கதவுகிட்டேயே வர வேண்டும். பிறந்ததிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வாலு என்றுதான் பேர். ஒரு இடத்தில் உட்காராது, ஒரு பேச்சைக் கேட்காது. அந்த வாலு இதையெல்லாம் விரல்விட்டு ஒப்பித்தது. மறுநாள் ஒரு மணிக்குச் சாவியை மெதுவாகத் திருப்பி, அக்காவின் காதில் விழாமல், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

முதல் வாரம் அவன் பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்தான். இரண்டாம் வாரம் வேகமாக நடந்தான். மூன்றாம் வாரம் சாதாரணமாக நடந்து வந்தான். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. டம்ளரில் தினமும் கொஞ்சம் மிஞ்சியது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அது நடந்தது ஒரு மாதத்தின் இருபத்தேழாம் தேதி. ஆலையில் ஒரு மணி நேரம்கூட மட்டம் போடாதவர்களுக்கு மாத முடிவில் முழு வருகைப் பணம் என்று ஒன்று உண்டு. தவணையில் மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்துதான் போகும். இன்னும் மூன்று நாள் பாக்கி.

இரண்டரைக்கு டீ இடைவேளை. பத்தே நிமிடம். பூட்டறையில் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். வீட்டைவிட்டு இறங்கும்போது சத்தம் வரக் கூடாதென்று தினமும் போனின் வாயை அடைத்துவிடுவாள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கியிருந்தாள். புருஷனிடமிருந்து ஒரு செய்தி. அனுப்பிய நேரம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. 'ரெண்டு மணி நேரம் ஓவர்டைம் நிக்கறேன். இரட்டைக் கூலி. இன்னிக்கு மட்டும் பாப்பாவை அக்காகிட்ட விட்டுட்டுப் போ.'

இரண்டு தடவை படித்தாள். கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாவு அறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை அடித்தாள்.

அக்காவின் எண் இருந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது. என்ன சொல்வது? பூட்டின வீட்டுக்குள் ஒன்றரை மணி நேரமாக என் பெண் தனியாக இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்றா? பன்னிரண்டரைக்கு வருகிற புருஷன் எங்கே என்று கேட்பாளே? சாவிகூட அவளிடம் இல்லை. சாயங்காலத்துக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? யாராவது புகார் கொடுத்தால் அதிகாரிகள் வந்து பிள்ளையையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆலையில் ஒருத்தி சொல்லிக் கேட்டிருந்தாள்.

கிளம்பிவிடலாம். இப்போதே பஸ் பிடித்தால் மூன்று பத்துக்கு வீட்டில் இருக்கலாம். அவன் மூன்று நாற்பதுக்கு வந்துவிடுவான். ஆக, அவள் போவதால் பிள்ளைக்கு மிச்சமாவது அரை மணி நேரம். போகாவிட்டால் மிச்சமாவது முழு வருகைப் பணம். அந்தப் பூட்டறையில் நின்றுகொண்டு அவள் இந்தக் கணக்கைப் போட்டாள். போட்டாள் என்பதுதான் உண்மை, அதை வேறெப்படியும் சொல்ல முடியாது. இடைவேளை முடிந்த மணி அடித்தது. போனைப் பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

அவள் வேலை, ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துச் சூடான உருளைக்குள் விடுவது. மறுமுனையை ஜோடிக்காரி பிடிப்பாள். ஒருத்தி நின்றால் மெஷினே நிற்கும்.

"என்னடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் ஜோடிக்காரி.

"ஒண்ணுமில்ல. வெக்கை."

"வெக்கையில செவக்கும்டி. உனக்கு வெளுக்குது."

ஒவ்வொரு விரிப்பும் உள்ளே போகும்போது அடுப்பு ஞாபகம் வந்தது, ஜன்னல் ஞாபகம் வந்தது, வாளித் தண்ணீர் ஞாபகம் வந்தது. வாளியில் பாதித் தண்ணீர் வைத்திருந்தோமா, காலியாக வைத்தோமா? காலி. காலிதான். நிச்சயமாகக் காலியா? விரல் உருளையில் பட்டுச் சுட்டது. கையை உதறிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பதைத் தாண்டியது. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தமில்லை, இந்நேரம் அவன் போய்ப் பார்த்திருப்பான் என்றுதான் அர்த்தம். ஏழரை வரை அவள் பூட்டறைப் பக்கம் போகவில்லை. மேற்பார்வைக்காரியிடம் கெஞ்சினால் ஒரு நிமிடம் விட்டிருப்பாள். அவள்தான் கேட்கவில்லை. பயம்.

பஸ்ஸிலும் போனை எடுக்கவில்லை. எட்டு மணிக்கு மாடியேறினாள். கதவைத் திறந்த புருஷனின் முகத்தைப் பார்க்காமல் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். பெண் பாயில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

"அம்மா, இன்னிக்கு ரொம்ப நேரம் இருந்தேன். சத்தமே போடல."

அவள் பையைக்கூடக் கழற்றாமல் பெண்ணைத் தூக்கி, தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. உடம்பில் ஒன்றுமில்லை.

"நான் கதவைத் திறந்து கூப்பிடறேன், கூப்பிடறேன், வரவே இல்ல" என்றான் அவன். குரல் அடங்கியிருந்தது. "கட்டிலுக்கு அடியில படுத்துக் கெடந்தா. வாயைக் கையால பொத்திக்கிட்டு. நான் அப்பாதான்னு நாலு தடவை சொன்னப்பறம்தான் கையை எடுத்தா."

"ஏன்?"

"யாரோ தட்டினாங்கம்மா" என்றது பெண். "எதிர்வீட்டு அத்தை. உள்ள யாரு, உள்ள யாருன்னு கேட்டாங்க. நிறைய தடவை கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துச்சு. ஆனா சத்தம் வெளிய வரல. நான் சமத்துதானே?"

"சமத்து" என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். "ரொம்ப சமத்து."

"அக்கா என்கிட்டயும் கேட்டாங்க" என்றான் அவன். "உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சேன்னாங்க. டி.வி.யா இருக்கும்னு சொல்லிட்டேன்."

"நம்ம வீட்டுல டி.வி. ஏது?"

"அவங்களுக்குத் தெரியாதே."

பெண் தூங்கியதும் அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். "நீ செய்தியைப் பார்த்திருப்பேன்னு நெனச்சேன். பதில் வந்துச்சான்னுகூடப் பாக்கல. இரட்டைக் கூலின்னு மேஸ்திரி சொன்னதும் புத்தி கெட்டுப்போச்சு. நானெல்லாம் ஒரு தகப்பனா?"

அவள் தன் கதையைச் சொல்லவில்லை. இரண்டரைக்கே பார்த்துவிட்டேன், பார்த்தும் மெஷினுக்குத் திரும்பினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இவன் அழுது முடித்துவிடுவான். அவள் சொன்னால் அது எதில் போய் முடியும்? சுட்ட விரலைப் பாத்திரத் தண்ணீருக்குள் முக்கிக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

பாத்திரத்தைத் தேய்க்கத் தேய்க்க, வேண்டாம் வேண்டாம் என்று அவள் தள்ளியும் கணக்கு தானாக ஓடியது. இரண்டு மணி நேர ஓவர்டைம் என்பது மூன்று நாள் டம்ளர். தினமும் கிடைத்தால் மாதத்தில் ஒரு தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்டலாம். மிச்சமிருக்கும் இருபது மாதம் பத்து மாதமாகும். பத்து மாதத்தில் பெண் பள்ளிக்கூடம் போகிற வயது. அக்காவிடம் மறுபடி போய் நின்றால் பழைய பொய் வெளியே வரும், அத்தனை நேரத்துக்கும் அவள் கேட்கிற காசில் பாதி ஓவர்டைம் கரைந்துவிடும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? நாற்பது நிமிடம் இருந்தவள் இன்றைக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் இருந்துவிட்டாள். ஒரு கீறலில்லை.

சீ, நானும் ஒரு தாயா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே பாத்திரத்தைக் கவிழ்த்தாள்.

"அந்த ஓவர்டைம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒருத்தன் படியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டான். அவன் இடம்."

"எப்ப திரும்பி வருவான்?"

"ரெண்டு மாசமாவது ஆகும்ங்கறாங்க. சரியா கூடலன்னா வரவே மாட்டான்னும் பேசிக்கறாங்க. எதுக்குக் கேக்கற?"

அவள் திரும்பாமலே கையைத் துடைத்தாள். "மேஸ்திரிகிட்ட நாளைக்கே சொல்லி வச்சிடுங்க. வேற யாராவது முந்திக்கப் போறாங்க."

அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை ஏசினால் போதும், பைத்தியமாடி உனக்கு என்று ஒரு அதட்டல் போட்டால் போதும், அவன் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிடலாம் என்றிருந்தது. அதற்காகவே திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கே சொல்லிட்டுதான் வந்தேன்" என்றான்.