ஜெஸ்லினின் நம்பர்

புது நம்பர் என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள். கூட்டுத்தொகை ஐந்து வருகிறதே என்று நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கி வந்தேன். குடித்தனக்காரர் காலி செய்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து அடுத்தவருக்கு விடுகிற மாதிரி, ரீசார்ஜ் செய்யாத நம்பரைக் கொஞ்ச நாள் சும்மா போட்டுவைத்து மறுபடி விற்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரராவது பழைய ஆளுக்கு வரும் கடிதத்தை வாங்கி வைப்பார்.

மூன்று மாதமாக எனக்குப் பெயர் ஜெஸ்லின். காட்டூரில் எனக்கு சிலிண்டர் கிளம்பிவிட்டதாகத் தகவல் வருகிறது. ஒரு தையற்கடை அம்மாள், என் பிளவுஸ் தயார் என்றாள். யாரோ ஒரு சின்னம்மா, “குரல் ஏன்டி இப்படிக் கட்டியிருக்கு? கஷாயம் வச்சுக் குடி” என்று அக்கறைப்பட்டாள். நான் பராங்குசன், ஸ்ரீரங்கம் சித்திரை வீதி, முப்பத்தாறு வருடம் வங்கியில் இருந்து மேலாளராக ஓய்வு பெற்றவன் என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் வைத்துவிடுகிறார்கள்.

சென்ற புதன்கிழமை மத்தியானம் ஜெஸ்லினே கூப்பிட்டாள்.

“சார், இது என் பழைய நம்பருங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கவர்மென்ட் வேலைக்குப் பரீட்சை எழுதினேன். கோர்ட் கேஸ் முடிஞ்சு இப்பதான் கூப்பிட்டிருக்காங்க. சர்ட்டிபிகேட்டெல்லாம் ஆன்லைன்ல ஏத்தணும். இன்னிக்கு ஆறு மணியோட கடைசி. ஓடிபி உங்களுக்குத்தான் வரும். கொஞ்சம் சொல்றீங்களா?”

யாரிடம் கேட்கிறாள்? பெற்ற பிள்ளை கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று எங்கள் தெரு நலச்சங்கத்தில் இரண்டு முறை சொற்பொழிவாற்றிச் சால்வை வாங்கியவனிடம்! நம்பரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வருமாம். இதை யோசித்து அமைத்த புண்ணியவானுக்கும் ஒரு சால்வை போர்த்தலாம்.

“அப்படின்னா ஒரிஜினல் எல்லாத்தையும் எடுத்துண்டு நேர்ல வாம்மா” என்று விலாசம் சொன்னேன். மோசடிக்காரர்கள் நேரில் வர மாட்டார்கள் என்பது என் சொற்பொழிவின் மூன்றாவது குறிப்பு. ஐந்தே காலுக்கு, இரண்டு பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள்.

“மூணு தடவைதான் சார் அனுப்புவாங்க. ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷத்துல போயிடும்” என்று சொல்லிவிட்டுத் தன் போனில் பட்டனை அமுக்கினாள். என் போனில் ஆறு இலக்கம் வந்தது. யாரிடமும் பகிர வேண்டாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. எச்சரிக்கையை மதிக்கிறவன் நான். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், டி.சி. மூன்றையும் வாங்கி, பெயரை எழுத்தெழுத்தாகவும் பிறந்த தேதியை இலக்கம் இலக்கமாகவும் ஒப்பிட்டேன். அதற்குள் முதல் ஓடிபி காலாவதியாகிவிட்டது.

அவள் இரண்டாவது முறை அமுக்கினாள்.

“ஏன்னா, அந்தப் பொண்ணு மொகத்தைப் பார்த்தா பொய் சொல்றவளாட்டமா இருக்கு? குடுத்துடுங்கோளேன்” என்றாள் என் மனைவி செங்கமலம். முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்த வங்கிகள் என்ன கதிக்கு ஆளாயின என்று அவளுக்கு விளக்கினேன். இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவது வந்தபோது எனக்கே மனம் இளகிவிட்டது. ஆனால் எழுத்துமூலமாக ஒன்று வேண்டாமா? பின்னால் ஏதாவது வில்லங்கம் வந்தால் நான் பொறுப்பில்லை என்று ஒரு கடிதம் கேட்டேன். அவசர அவசரமாக எழுதினாள். தேதி போட மறந்திருந்தாள், போடச் சொன்னேன். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கிற தோரணையில் ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

அவள் தட்டினாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஓடிபி காலாவதியாகிவிட்டது, மூன்று முயற்சிகளும் முடிந்துவிட்டன, இருபத்துநான்கு மணி நேரம் கழித்து முயலவும் என்று இருந்தது. அப்போது மணி ஐந்து ஐம்பது.

உதவி எண்ணுக்குப் போட்டாள். அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு பதிவுக் குரல் மிக மரியாதையாகச் சொன்னது. அவள் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் கவரில் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

“வரேன் சார். உங்க மேல தப்பு இல்லீங்க. தெரியாத ஆளை எப்படி நம்புவீங்க?” என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தவித்தேன். “மனசை விட்டுடாதேம்மா. அடுத்த பரீட்சை வராமலா போயிடும்? எழுதிட்டாப் போச்சு.”

வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “வயசு தாண்டிடுச்சு சார். போன மே மாசத்தோட.”

அவளுடைய பிறந்த தேதியை மூன்று சான்றிதழ்களில் ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். மூன்றும் சரியாகத்தான் இருந்தன. அவளுக்கு என்ன வயதாகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.