மூட்டைக்குள் போன சாவி

வைரக்கண்ணு கார் வாங்கியதிலிருந்து எங்கள் தெருவில் காரைப் பற்றிய பேச்சைவிட அதன் சாவியைப் பற்றிய பேச்சுதான் அதிகம். நாகப்பட்டினத்தில் இருக்கும் அவருடைய சகலை ஏழு வருஷம் ஓட்டிவிட்டுக் கைமாற்றிய வண்டி. வரும்போதே ஒற்றைச் சாவியோடுதான் வந்தது. இன்னொன்று வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாம். "சாவிக்குள்ள சிப் இருக்கு. அது இல்லாட்டி இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. கம்பெனியில சொல்லி இன்னொரு சாவி கோடிங் பண்ணி வச்சுக்கங்க" என்று சகலை படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். இவர் காதில் முதல் பாதி மட்டும் ஏறியது.

"எந்தத் திருடன் வந்தாலும் நம்ம வண்டியக் கிளப்ப முடியாது" என்று பால் சொசைட்டி வாசலில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் கார் திருடு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. கோழி போயிருக்கிறது.

வீட்டில் ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் உண்டு. அவர் மனைவி அனுராதா வலங்கைமானில் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. "இன்னொரு சாவி போட்டுக்கலாமே" என்று அவள் கேட்டதற்கு, "ஒரு வண்டிக்கு எதுக்கு ரெண்டு சாவி?" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினாராம். அனுராதாவே என்னிடம் சொன்னாள். நான் கேட்டதால்தான் சொன்னாள், அது வேறு விஷயம். அவள் விடாமல் கேட்கவே, கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே சாவி அறுக்கிறவரிடம் ஒரு டூப்ளிகேட் போட்டுவந்தார். கதவு திறந்தது. கதவைத் திறக்கிற சாவி வண்டியையும் ஓட்டாதா என்று அதை மொபெட் சாவியோடு கோத்து ஆணியில் மாட்டியதோடு சரி. ஒருநாள்கூட ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை.

தை கடைசி வாரம். ஊருக்கு வெளியே நெல் கொள்முதல் நிலையத்தில் களம் முழுக்க நெல் அம்பாரங்கள், அவற்றின்மேல் தார்ப்பாய்கள். எங்கள் நெல் முந்தின வாரமே எடை போட்டாகிவிட்டது. எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போயிருந்தேன்.

அன்றைக்கு வைரக்கண்ணுவின் முறை. அவருக்கு அடுத்தது ராஜாத்தி. குத்தகைக்கு ஒரு ஏக்கர் செய்கிறவள். பதினோரு நாளாகக் களத்திலேயே கிடந்தாள். நடுவில் ஒரு மழை பெய்து, இரண்டு தடவை காயவைத்து, அன்று காலையில்தான் ஈரப்பதம் பதினாறரைக்கு இறங்கியிருந்தது. பதினேழைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். இன்னொரு மழை நனைத்தால் நெல் முளைத்துவிடும், அப்புறம் மாட்டுக்குத்தான். கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. அவள் நெல்லைப் பார்த்ததைவிட வானத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

வைரக்கண்ணுவுக்கு ஒரு பழக்கம். தராசில் முள் நாற்பது கிலோவைத் தாண்டி மயிரிழை அசைந்தாலும் குனிந்து மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டைக்கும் அப்படித்தான் குனிந்தார். லோடுமேன்களுக்குத் தலைவன் செல்லதுரை, "ஏண்ணே, அந்த ஒரு பிடியில என்ன மாடியா கட்டப் போறீங்க?" என்று கேட்டும் பார்த்தான். "அது என் நெல்லுடா" என்றார்.

கடைசி மூட்டையும் தைத்து, மூட்டைகளை அடுக்கிவைத்திருந்த அட்டியில் ஏற்றியாயிற்று. வைரக்கண்ணு காருக்குப் போய்ச் சட்டைப் பையைத் தட்டினார். பை தட்டையாக இருந்தது.

காரைச் சுற்றித் தேடினார். களத்தில் தேடினார். வேட்டியை உதறினார். தேடத் தேட அவருக்கே விளங்கிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை குனிந்ததில் ஏதோ ஒரு தடவை சாவியும் நெல்லோடு போய்விட்டது.

"தையலைப் பிரிங்கடா."

"அண்ணே, எடை போட்டுத் தைச்சாச்சு. பிரிக்கக் கூடாது" என்றார் பட்டியல் எழுதும் பரிதி, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "காலையில லாரி வருது. கணக்கு உதைச்சா யாரு பதில் சொல்றது?"

ஆணியில் கிடந்த டூப்ளிகேட்டை மொபெட்டில் எடுத்து வந்தாள் அனுராதா. வைரக்கண்ணு காரில் ஏறித் திருகினார். கிர்ரென்று ஒரு சத்தம், டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ராம்கிக்குப் போன் போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு.

"அப்பா, அந்த சிப்பு ஸ்டியரிங் பக்கத்துல இருந்தாத்தான் இன்ஜின் எடுக்கும்."

"பக்கத்துல இருந்தாப் போதுமா? உள்ள சொருக வேணாமா?"

"சிப்புக்கு வேணாம்ப்பா. ஆனா ரொம்ப ஒட்டுனாப்ல இருக்கணும். அதுக்குத்தான் அன்னிக்கே..."

வைரக்கண்ணு போனை வைத்துவிட்டார். பாதி விஷயம் கிடைத்தால் அவருக்குப் போதும்.

"செல்லதுரை, மூட்டைய ஒவ்வொண்ணா இங்க தூக்கிட்டு வா. எந்த மூட்டைய வச்சா வண்டி எடுக்குதோ அதுலதான் சாவி. அது ஒண்ணை மட்டும் பிரிச்சுக்கலாம், என்ன பரிதி?"

பரிதி யோசித்தார். கேட்கிறவர் ஊரின் முதல் காருக்குச் சொந்தக்காரர். ஒரு மூட்டைதானே என்று தலையாட்டிவிட்டார்.

நான் கோயில் திருவிழா எத்தனையோ பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வரிசை பார்த்ததில்லை. வைரக்கண்ணு டிரைவர் சீட்டில். லோடுமேன் ஒருத்தன் மூட்டையைச் சுமந்துவந்து அவர் மடியில் ஸ்டியரிங்கோடு ஒட்டிச் சாத்துவான். அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு சாவியைத் திருகுவார். கிர்ர். சிவப்பு விளக்கு. "அடுத்தது." எடை போடும் வேலை நின்றுபோனது. தராசில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

எட்டாவது மூட்டையின்போது ராஜாத்தி போய் நின்றாள்.

"அண்ணே, மழை வருதுங்க. எனக்கு நாப்பத்தி மூணு மூட்டைதான். போட்டு முடிச்சிரட்டுமே, அப்புறம் நீங்க பாத்துக்கங்க."

"இரும்மா, இன்னொரு பத்து மூட்டை பாத்துக்கறேன்."

"உங்க சாவி நனைஞ்சா காஞ்சிருங்க. என் நெல்லு அப்படி இல்ல."

"சிப்பு நனையக் கூடாது தெரியுமா? உனக்கு எங்க தெரியப்போகுது" என்றார் வைரக்கண்ணு. ராம்கி போனில் அப்படி எதுவும் சொல்லவில்லை.

பதினெட்டாவது மூட்டை மடியில் ஏறியது. முதல் காற்று வந்து தார்ப்பாய்களைத் தூக்கி அடித்தது. ராஜாத்தி மறுபடி காரை நோக்கி நடந்தாள். ஏதோ கெஞ்சப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் இறக்கியிருந்த கண்ணாடி வழியே கையை விட்டுச் சாவியை உருவி, முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏ... ஏ ராஜாத்தி, என்ன பண்ற நீ?"

மடியில் நாற்பது கிலோ. வைரக்கண்ணுவால் கையைத் தூக்க முடிந்தது, உடம்பைத் தூக்க முடியவில்லை.

"நாப்பத்தி மூணாவது மூட்டை தைச்சதும் தர்றேங்க."

"செல்லதுரை, தூக்குடா இதை."

செல்லதுரை முண்டாசை அவிழ்த்து உதறினான். மறுபடி கட்டினான். முண்டாசு கட்ட அத்தனை நேரம் ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது.

"தூக்குறேண்ணே. சாவி இல்லாம மூட்டைய வச்சு என்ன பண்றது? அதுக்குள்ள அந்தப் புள்ளையோடத முடிச்சிட்டு வந்துர்றோம். எலே, வாங்கடா."

வைரக்கண்ணு மனைவியைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லேன் அவகிட்ட."

அனுராதா மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டாள். "ராஜாத்தி, சாக்கு நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே அம்பாரத்துக்குப் போய்விட்டாள். சொல்லாமல் இருப்பானேன், நானும் போனேன். இதை அருகில் இருந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்படி வேகமாக எடை போட்டு நான் பார்த்ததில்லை. முள் நாற்பதைத் தாண்டினாலும் ராஜாத்தி குனியவில்லை, "போவட்டும், தைங்க" என்றாள். முப்பதாவது மூட்டையில் முதல் தூறல் விழுந்தது. நாற்பதாவதில் என் முதுகு நனைந்தது. நாற்பத்து மூன்றாவதைத் தைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு லோடுமேன் ஓட, அட்டி முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிறு கட்டினார்கள். மழை இறங்கியது.

பரிதி கொட்டகைக்குள் ரசீது எழுதிக் கொடுத்தார். ராஜாத்தி அதை வாங்கிக்கொண்டு நேரே காருக்குப் போனாள். மூட்டை இன்னும் அவர் மடியில்தான் இருந்தது.

"இந்தாங்கண்ணே சாவி."

"இப்பக் குடுத்து? எல்லாத்தையும் தார்ப்பாய் போட்டு மூடிட்டாங்க. காலையில லாரியில ஏறிரும். என் சாவி எந்தக் குடோனுக்குப் போவுதோ, எந்த மில்லுக்குப் போவுதோ."

"நான் பதினோரு நாளு வெளிய கெடந்தேங்க. நீங்க உள்ள உக்காந்திருக்கீங்க, நனைய மாட்டீங்க."

வைரக்கண்ணு சாவியைச் சொருகித் திருகினார். சிவப்பு விளக்கு வந்தது. வைப்பர் வேலை செய்தது, ரேடியோ பாடியது. வண்டி மட்டும் அசையவில்லை. வைப்பர் மழையைத் துடைத்துக்கொண்டே இருக்க, அவர் கண்ணாடி வழியே எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜாத்தி ரசீதைப் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மழையிலேயே வீட்டுக்கு நடந்தாள். வானத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.